மூடி மட்டும்

ஹாண்டாவிலிருந்து அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தது
நான்கு வருடம் முன்பு நான் விற்ற தேநீர்க் கெண்டி.
உள்ளே துண்டுச் சீட்டு:
'மூடி உடைந்துவிட்டது. மூடி மட்டும் போதும்.
கானெமாட்சு, முடிதிருத்தும் கடை.'

மூடி மட்டும்.
தலையை விட்டுவிட்டு முடியை மட்டும் எடுக்கிறவருக்கு
அது எளிதாகத்தான் தோன்றும்.

தொலைபேசியில் சொன்னேன்:
கெண்டியும் மூடியும் ஒரே மண், ஒரே நாள்.
மூடியைத் தலையில் கவிழ்த்தபடியேதான் சூளைக்குள் போகும்.
இரண்டும் சேர்ந்து சுருங்கும்,
நூற்றுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ.
எவ்வளவென்று சூளை முன்கூட்டிச் சொல்வதில்லை.
ஜாடிக்கேற்ற மூடி என்று
கல்யாண வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்,
இங்கே மயிரிழை பிசகினால்
தேநீர் கழுத்தில் வழியும்.

அவர் பக்கம் ஹேர்டிரையர் இரைந்தது.
"சரி" என்றார். "எப்போது வரட்டும்?"

பதினொரு மூடிகள் வனைந்தேன்,
ஒவ்வொன்றும் முந்தையதைவிட நூலளவு பெரிது.
பழைய மண் தீர்ந்துபோயிருந்தது.
அதை வெட்டி எடுத்த வயலில் இப்போது
விமானம் பிடிக்க வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

சூளை ஆறியது.
முதல் ஐந்தும் உள்ளே விழுந்தன.
ஆறாவது ஆடியது.
எட்டு முதல் எல்லாம் வாசலிலேயே நின்றன.
ஏழாவது உட்கார்ந்தது,
விருந்தாளி நாற்காலி நுனியில் உட்காருவதுபோல.
உரைபொடியைக் குழைத்து மூன்று மாலை தேய்த்தேன்.
கெண்டி தேய்ந்த சிவப்பு, மூடி புதுச் சிவப்பு.
கைப்பிடியில் மட்டும்
எத்தனை கழுவியும் போகாத தலைத்தைல வாசம்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே
மூடியின் காற்றுத் துளையை விரலால் அடைத்தேன்.
சட்டென்று நிற்க வேண்டும்.
நிற்கவில்லை. மெலிந்தது,
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை, நேரில் வந்தார்.
"இது என் வேலையில் சேராது, பணம் வேண்டாம்" என்றேன்.
அவர் துளையை அடைத்துப் பார்க்கவில்லை.
ஊற்றினார், குடித்தார்,
என் நெற்றியைப் பார்த்தார்.
"யார் வெட்டியது?"
"நானேதான். களிமண் அறுக்கும் கம்பி இல்லை, கத்தரிக்கோல்."
பையில் கத்தரி வைத்திருந்தார்.
சக்கரத்து முக்காலியில் என்னை உட்காரவைத்து
சுடாத கிண்ணங்களின் எதிரே வெட்டினார்.
உலர்மண் தூசியோடு முடியும் தரையில்.

அவர் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன்.
இடப்பக்கம் நூலளவு நீளம்.

மிச்சம் பத்து மூடிகள்.
ஒன்றில் உப்பு, ஒன்றில் ஊசிகள்,
இரண்டாவதைப் பூனை உருட்டிக்கொண்டு போய்விட்டது.
ஒன்பதாவதற்கு மட்டும் நேற்று
ஒரு கெண்டி வனைந்து பார்த்தேன்.
இன்னும் காயவில்லை.