ஈரப்பதம்

ஜாவாவில் மூட்டை சுலபமாகப் பிறந்தது.
நியூ என்றால் போதும்;
எடை பூஜ்யம், ஈரப்பதம் பூஜ்யம்,
உழவர் பெயர் காலி.
தானே நிரப்பிக்கொண்டு
பத்து வருஷம் ஓடியிருக்கிறது.

ரஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரு புலம் தரிசாகக் கிடந்தாலும்
மூட்டை கிடையாது என்கிறது.
கன்ஸ்ட்ரக்டர் என்ற சொல்லே அங்கே இல்லை;
நியூ என்பது நாமாக வைத்துக்கொள்ளும் பெயர்.

நீடாமங்கலத்தில் மழை.
மூன்றாம் முறை கரண்ட் போய் வந்தது.
கொள்முதல் நிலையத்துக்குப் போன் போட்டேன்:
"அளக்கிறதுக்கு முன்னாடி
மூட்டையோட ஈரப்பதம் எவ்வளவு சார்?"

தார்ப்பாய் படபடக்கப்
பட்டியல் எழுத்தர் வைரக்கண்ணு சொன்னார்:
"அளக்கிறதுக்கு முன்னாடி ஏதும்மா மூட்டை?
அது குவியல்."

பூஜ்யங்களை அழித்தேன்.
குவியல் என்று தனியாக ஒரு ஸ்ட்ரக்ட்,
அதில் ஒரே புலம்:
எத்தனை நாளாக நனைகிறது.