பதினாலுக்குள்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர்.
வந்த ஐந்து சக்கர நாற்காலிகளும்
தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒட்டி நிற்க,
மடியில் லேப்டாப்பை விரித்தேன்.

கூடைப்பந்தில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு:
உடம்பு சொன்ன பேச்சு கேட்கிற அளவுக்குப் புள்ளி.
இடுப்பே திரும்பாத எனக்கு ஒன்று.
முழங்காலுக்குக் கீழே மட்டும் இழந்த டெல்பினுக்கு நாலரை.
களத்தில் ஐந்து பேர், கூட்டினால்
பதினாலைத் தாண்டக் கூடாது.
"ரேஷன் கடை மாதிரி" என்றாள் ஷம்ஷாத்,
"சக்கரை ஏறினா பருப்பு எறங்கணும்."

பகலெல்லாம் துறைமுகத்தில் கண்டெய்னர் எண் அடிக்கிறேன்.
அவை திரும்பிக் கேள்வி கேட்டதில்லை.

யார் கூடை போட்டாள் என்பதை விடுங்கள், என்றேன்.
அவள் உள்ளே இருந்தபோது
நாம் எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு?
கழியுங்கள்.
ஆறு ஆட்டம் கழித்தோம்.
அறுபத்தொரு கூடை போட்ட டெல்பின்: மைனஸ் ஒன்பது.
ஒன்றுகூடப் போடாத கிருபாவதி: பிளஸ் பதினொன்று.

டெல்பின்தான் முதலில் சிரித்தாள்.
"அப்போ நான் பெஞ்ச்ல குந்திக்கினு மோர் குடிக்கணும்ன்றே."

நாலரையை எடுத்து இரண்டரைக் கிருபாவதியை வைத்தால்
மிச்சம் இரண்டு.
ஒன்று இருக்கும் இடத்தில் மூன்று ஏறலாம்.
அந்த வரியை நான் சத்தமாகப் படிக்கவில்லை.
ஷம்ஷாத் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"நான் எத்தினி நிமிசம் ஆடுனேன்?" கிருபாவதி கேட்டாள்.
பத்தொன்பது.
"அதுல ஏழு நிமிசம் எண்ணூர் நெட்டச்சிக்கு டயர் பஞ்சர்.
அதை எங்க எழுதுனே?"

எழுதவில்லை. அதற்குப் பத்தியே இல்லை.
போட்டேன்: எதிரே யார்.
கேட் மூடி மங்காத்தா பாதியில் வந்த நாள்,
அதற்கொரு பத்தி.
டெல்பின் குரலை இறக்கிச் சொன்னாள்,
உட்கார்ந்து உட்கார்ந்து புண் வந்த அந்த இரண்டு வாரம்.
தலைப்பு என்ன வைப்பதென்று தெரியாமல்
வெறுமனே ஒரு கோடு போட்டேன்.
திரை வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது.

இவ்வளவு தெரிந்த பிறகும்
எதுவும் உறுதியாகத் தெரியவில்லை.
ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பட்டியல் கொடுத்தாக வேண்டும்.

முதல் பத்து நிமிடம் ஷீட் சொல்கிறபடி ஆடுவோம்,
அப்புறம் பார்ப்போம், என்று முடிவானது.

என் பெயரை நானே எடுத்தேன்.
உப்புக்காற்றில் அந்தப் பொத்தான் கொஞ்சம் ஒட்டும்.
இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.