நாலாவது தட்டு

வூச் நகரில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்,
பகலெல்லாம் வரி அலுவலகத்தில் பிறர் கணக்கைத் திருத்திவிட்டு
இரவில் விளக்கணைத்து உட்கார்கிறேன்.

கூரைக் கொக்கியில் தூண்டில் நரம்பு.
நரம்பின் நுனியில் ஒரு பேனா டார்ச்,
அதன் வாயில் அலுமினியத் தாள், தாளில் ஊசித்துளை.
கீழே தரையில் மல்லாந்து கிடக்கிறது கேமரா,
இமைக்காமல்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி
டார்ச்சை ஓரமாகப் பிடித்து
விட்டுவிடுகிறேன்.
அவ்வளவுதான் என் வேலை. மீதியை
பூமி பார்த்துக்கொள்ளும்.

ஏழு நிமிடம்.
வெளிச்சம் போகிறது, வருகிறது,
போன வழியே வருவதில்லை. ஒவ்வொரு சுற்றும்
முந்தையதைவிட ஒரு மயிரிழை குறைவு.
காற்று பிடித்துக்கொள்ளும் வரி அது,
படத்தில் வரிவரியாகத் தெரியும்.
தள்ளுபடி கிடையாது. மேல்முறையீடும் கிடையாது.

நேற்று பாதியில்
கீழ்வீட்டிலிருந்து துடைப்பக்கட்டையின் இடி.
திருமதி ஹல்ஷ்கா. ரொட்டிக்கடையில்
விடிகாலை மூன்று மணிக்கு வேலை அவளுக்கு.
என் ஸ்டூலின் கால்களுக்கு அவள் தூக்கத்தின் மேல்
அப்படியென்ன கோபமோ.

கழுவி எடுத்த படத்தில்
பட்டுநூல் கண்டுபோல் மெலிந்த நீள்வட்டங்கள்,
நடுவே மூன்று இடங்களில்
முள் தைத்ததுபோல் ஒரு துள்ளல்.
நடுங்கியது வெளிச்சமல்ல,
பார்த்துக்கொண்டிருந்த கண்.

கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.
படியிறங்கிக் கதவைத் தட்டிக் காட்டினேன்:
இது நீங்கள். இதுவும். இதோ, இதுவும்.
மாவு உலர்ந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
"நாலு தடவை தட்டினேன்" என்றாள்.

ஒன்றரை மணிவரை பூதக்கண்ணாடியோடு தேடினேன்.
நீள்வட்டத்தின் கோடியில்
மேலே போவதா, திரும்புவதா என்று
ஊசல் கிட்டத்தட்ட நின்றுபோகும் ஓர் இடம் உண்டு.
வேகம் தீர்ந்த அங்கேதான்
வெளிச்சம் அதிக நேரம் தங்குகிறது,
தங்கித் தங்கித் தடித்து
வெளுத்துப்போகிறது.
ஓடும்போது விழுந்த அடியெல்லாம் தெரிகிறது.
நின்றபோது விழுந்தது
அந்த வெள்ளைக்குள் எங்கோ.

படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதினேன்:
தட்டியது நாலு. தெரிவது மூன்று.
இருபது வருட உத்தியோகத்தில்
இடிக்கிற ஒரு கணக்கை
அப்படியே கையொப்பமிட்டது இதுதான் முதல் தடவை.

இன்று ஸ்டூலின் கால்களுக்குப்
பழைய காலுறைகளை மாட்டிவிட்டேன்.
கீழே சத்தமே இல்லை.
படம் பிசிறில்லாமல் வந்திருக்கிறது.
எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது
என்றுதான் தெரியவில்லை.