இரண்டாவது வியாழன்

ஆரம்பாக்கத்தில் எனக்கு மருந்துக்கடை.
மற்ற நாளெல்லாம் விற்பேன்.
பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி
நாலு போதும் என்பவருக்கு நாலு.
மாதத்தின் இரண்டாவது வியாழன் மட்டும்
ஷட்டரை இறக்கிவிட்டு
தடா தாண்டிப் படகுத்துறைக்குப் போவேன்.

போலய்யாவின் படகு.
ஒரு டாக்டர், ஹேமாவதி சிஸ்டர், நான்,
ஐஸ் பெட்டி, எடைக்கருவி, மூன்று அட்டைப்பெட்டி மருந்து.
ஏரியில் தண்ணீர் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம்.
பங்குனி பிறந்துவிட்டால் பாதி வழியில் தரை தட்டும்.
இறங்கித் தள்ளுவோம்,
டாக்டரும்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
தூரத்தில் பூநாரைகள் இதே சேற்றில்
எங்களைவிட அழகாக நிற்கும்.

தீவில் பேச்சு தமிழ்.
ரேஷன் கார்டு தெலுங்கு.
மருந்தின் பெயர் இரண்டும் இல்லை.
அதனால் உறைமேல் காலைக்குச் சூரியன் போடுவேன்,
இரவுக்குப் பிறை.
"அமாவாசைக்கு லீவா தம்பி?"
என்று கேட்டவர் முனிரத்தினம்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
அவர் விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கும்,
சேற்றில் துழாவி இறால் பிடிக்கிற கை.
பறியைப் பல்லில் கடித்தபடி
நாள் முழுக்க நீரில் தவழ்வதால்
பேச்சையெல்லாம் வியாழனுக்குச் சேர்த்துவைப்பார்.

முப்பது மாத்திரை.
மூன்று வருடமாக முப்பதுதான் எண்ணிக் கொடுத்தேன்.
மாதம் என்றால் முப்பது, யாரைக் கேட்டாலும்.
தட்டில் ஐந்தைந்தாக விரலால் தள்ளுவேன்.
தப்பியதே இல்லை.

ஐப்பசி வியாழன் போக முடியவில்லை.
அன்றைக்குத் தீவுக்குக் கிழக்கே ராக்கெட் விட்டார்கள்.
ஏரியில் படகு கூடாது என்றார்கள்.
துறையில் நின்று பார்த்தோம்,
மேகத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
போலய்யா மட்டும் நிமிராமல்
எஞ்சினுக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் முனிரத்தினம் தனியாக வந்தார்.
வரிசையில் நிற்கவில்லை.
என் மேசைக்கு நேராக வந்து
ஒரு பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார்.
பதினோரு வெள்ளை மாத்திரை.
"அவரோடது. கணக்கு முடிச்சுக்கோ."

வீட்டுக்காரர் பெயர் தசரதன்.
பிரஷர் எப்போதும் இருநூறைத் தொடும்.
மாத்திரையை விட்டுட்டாரா என்று கேட்டேன்.
கடையில் கடன் கேட்பவரிடம் பேசும் குரல் அது,
எனக்கே கேட்டது.

"விடலை. மிச்சம் புடிச்சாரு.
உன் ரெண்டாவது வியாழன்
ஒருதரம் இருபத்தெட்டாம் நாளு வருது,
ஒருதரம் முப்பத்தஞ்சாம் நாளு வருது.
தண்ணி வத்துனா வர்றதேயில்ல.
அதான், நாலு நாளைக்கு ஒண்ணு
முழுங்காம டப்பாவுல போட்டாரு.
படகு வராட்டி வேணுமில்ல?
ராக்கெட்டுக்கு முந்தின ராத்திரி விழுந்தாரு."

திட்டவில்லை.
இறாலுக்கு எடை சொல்வதுபோல் சொன்னார்.

திரும்பி வந்த மருந்தை அழித்துவிட வேண்டும், அது விதி.
பதிவேட்டில் கொடுத்ததற்குப் பத்தி உண்டு.
திரும்பி வந்ததற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 11 என்று எழுதினேன்.
டாக்டர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அன்று திரும்பும்போது
படகில் கடைக் காலண்டரைப் பிரித்து
வியாழன்களை எண்ணிக்கொண்டே வந்தேன்,
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு.

மார்கழியிலிருந்து நாற்பது.
நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பத்துப் பத்து கூடுதல்.
ஸ்டாக் இடிக்கிறதே என்று
சென்னையிலிருந்து டிரஸ்ட்காரர் போன் செய்தார்.
காலண்டரைப் பாருங்கள் என்றேன்.
இடிப்பதில் கொஞ்சம் என் கடை அலமாரியில் இருந்து போகிறது.
மனைவிக்குத் தெரியும். இன்னும் பேசவில்லை நாங்கள்.

முனிரத்தினத்துக்கும் மாத்திரை உண்டு, சுகருக்கு.
"நாப்பதா?" என்றார்.
வெந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.
நாற்பதுதான்.
பிறகு மடியிலிருந்து அதே பவுடர் டப்பாவை எடுத்து
அதில் ஒன்றைப் போட்டு
மூடியை அழுத்தினார்.