தடப் பாத்தியம்

வெள்ளகோயிலிலிருந்து மேற்கே
என் ஏணி சாயாத சுவர் குறைவு.

ரோட்டோர வீடுகள் லேசு.
கரண்டுக் கம்பத்தோடு வரும் கறுப்பு வயர்,
ஜன்னலோரம் ஒரு துளை,
கொடுத்த காப்பி ஆறுவதற்குள் பச்சை விளக்கு.
எண்ணெய்ச் செக்குக்காரருக்கு மட்டும்
மண்ணுக்குள் பழைய செம்புக் கம்பி.
மழை பெய்தால் போனில் இரைச்சல்,
இரைச்சலுக்கு நடுவே கொஞ்சம் நெட்.
மாத்திக்கலாமுங்களே என்றால்
நம்பர் ராசியானது என்கிறார்.
பேக்கரிச் சந்தில் டிவி கேபிளோடு
ஒண்டிக்கொண்டு வருகிறது இன்னொன்று.
சீரியல் நேரத்தில் நொண்டும்.

தோட்டத்துச் சாளைகள்தான் சங்கடம்.
வீரக்குமாருக்கு வயர் இழுக்கப் போனால்
நடுவில் அண்ணன் காடு.
கிளுவை வேலியோரம்
நாட்ராயன் பத்திரத்தோடு நின்றார்.
"மாமூல் தடத்துல
ஆளு, மாடு, வண்டி போக வரப் பாத்தியம்.
வயருன்னு எங்கீங்க போட்டிருக்குது?"
வாங்கிப் படித்தேன்.
போடவில்லைதான்.

அதனால் காற்று.
மண்டபத்து மொட்டை மாடியில் ஒரு கிண்ணம்,
வீரக்குமார் தண்ணித் தொட்டிமேல் ஒரு கிண்ணம்,
இடையில் ஒரு கிலோமீட்டர்.
கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டன
நாலு வருஷம்.
மருமகள் கோகிலவாணி
கரூருக்குத் திரைச்சீலை டிசைன் அனுப்புவாள்.
ஒரு பூ போய்ச்சேர இரண்டு நிமிஷம்.

அண்ணன் வைத்த தென்னை
எந்தப் பத்திரமும் படிக்காமல் வளர்ந்தது.
ஆடிக் காற்றில் மட்டை அக்கட்டால சாய்ந்தால் சிக்னல்.
இக்கட்டால சாய்ந்தால்
பூ காம்போடு நின்றுபோகும்.

மட்டை வெட்டக் கேட்க
என்னைத்தான் அனுப்பினார்கள்.
நாட்ராயன் அண்ணாந்து பார்த்தார்.
"இத்தன நாளும் என்ற காட்டு மேலயா போச்சு?"
ஆமாங்க.
தடவிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்பதுபோல்
கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தார்.
"மட்டைய வெட்ட முடியாதுங்க.
வேணும்னா எனக்கொண்ணு போடுங்க.
வயரு நம்ம தடத்துல வரட்டும்."

வந்தது.
தடம் முடிவது கூட்டுக் கிணத்து மேட்டில்.
மோட்டார் ரூமும் சரிபாதி,
அது பத்திரத்திலேயே இருக்கிறது.
அந்தச் சுவரில் பெட்டியை அடித்தேன்.
தலைமயிர் கனத்தில் ஒரு கண்ணாடி இழை உள்ளே,
இரண்டு வெளியே.

"எதுக்குங்க ரெண்டு?"
ஸ்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவரே இரண்டாவதன் வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனார்,
வரப்பு, புங்கமரம்,
தம்பி வீட்டு ஓடு.
"தண்ணி மொற மாதிரிங்களா? நாள் விட்டு நாளு?"
இல்லீங்க. ரெண்டு பேருக்கும்
ஒரே சமயத்துல பாயும்.
"என்றது கொறையுமா?"
தெரியற அளவுக்குக் கொறையாதுங்க.
"செரி" என்றவர்
மோட்டாரைப் போட்டுவிட்டுப் பாத்திக்குப் போய்விட்டார்.

இரண்டு வீட்டிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
மைனஸ் பத்தொன்பது.
மைனஸ் பத்தொன்பது.
தொட்டிமேல் இருந்த கிண்ணத்தைக் கழற்ற மறந்துவிட்டேன்.
அது இன்னும் அந்தத் தென்னையையே
பார்த்துக்கொண்டிருக்கிறது.