ஒரு மா

இருபது பேர் இருந்தால்தான் பட்டயம் என்று
சேலத்திலிருந்து கடிதம் வந்தது.
நாங்கள் பத்தொன்பது பேர்.

காவேரிப்பட்டணத்தில் எழுபத்து மூன்றாம் வருடம்
கோட்டு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்,
அதில் ஒன்று கல்யாணக் கோட்டு.
தொழிலுக்கு ஒருவர்தான் என்பது சங்கத்து விதி.
அண்ணனுக்கும் அரிசிக் கடை, தம்பிக்கும் அரிசிக் கடை,
பேச்சுவார்த்தை கிடையாது.
அண்ணனைப் பச்சரிசி என்றும் தம்பியைப் புழுங்கல் என்றும்
விண்ணப்பத்தில் பாகம் பிரித்தோம்,
கோர்ட்டால் முடியாததை.
அடகுக்கடை கேவல்சந்த் இருட்டினால் சாப்பிட மாட்டார்,
அதனால் கூட்டம் ஐந்தரைக்கு.
நிப்பட்டுக் கடை நஞ்சுண்டையா தட்டு நிறையக் கொண்டுவருவார்,
மறுநாள் பில் வரும்.
வகாப் சாயபு சைக்கிள் கடை.
நான் அச்சகம், ஆகவே செயலாளர்:
லெட்டர்பேடு ஓசியில் கிடைக்குமே.

மாங்காய் மண்டி ரத்தினம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.
நூற்றியொரு ரூபாயை எண்ணி வைத்து
"எம் பேர எழுதிக்குங்க" என்றார்.
பெண்களைச் சேர்க்க விதியில் இடமில்லை என்றேன்.
"அந்த விதிய நீங்கதான அச்சடிக்கிறீங்க?"

அன்றிரவு பட்டியல் கோத்தேன்.
ர, த், தி, ன, ம், மா.
கடைசியிலிருந்து ஒரு ம, ஒரு துணைக்கால்,
இரண்டு ஈயத் துண்டுகளை நெம்பி எடுத்தேன்.
ரத்தினம், மாங்காய் மொத்த வியாபாரம்.
எடுத்ததை எழுத்துப் பெட்டியில் போடாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
புரூஃப் பார்க்க வந்த பச்சரிசி பழைய கணக்கு படித்தவர்.
"இருபதுல ஒண்ணுக்கு மான்னு பேரு, தெரியுமா உனக்கு?"
வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பட்டயம் தந்த அன்று கவர்னர்
ஒவ்வொரு சட்டையிலும் சின்னம் குத்தினார்.
இரவல் கோட்டு மேடைக்குப் பின்னால் கைமாறிக்கொண்டிருந்தது.
"ரத்தினம் எங்கே?"
"லோடு ஏத்தப் போயிருக்காரு"
என்று மனைவிமார் வரிசையிலிருந்து
அவரே சொன்னார்.

கூட்டத்துக்கு ஆள் வராது, சீட்டு வரும்.
முதல் சீட்டு:
ஆத்தங்கரை சுடுகாட்டுக்குத் தகரக் கூரை. பாதி என்னுது.
அவர் வீட்டுக்காரர் ஐப்பசி மழையில் போனவர்.
மூன்று தரம் அணைந்ததாம்.
பெண்கள் போகாத இடம்,
யார் வந்து அவரிடம் சொன்னார்களோ.

ஜெகதேவியிலிருந்து கல் வந்தது, இருபது பெயரோடு.
கடைசிப் பெயருக்குப் பின்னால்
கொஞ்சம் வெறும் கல்.
கணக்குத் தெரியாதவனே என்று தச்சனைத் திட்டினேன்.
"அந்தம்மாதான் விடச் சொல்லிச்சு."

மண்டியில் பெங்களூராவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.
கேட்டேன். நிமிரவில்லை.
"ஒட்டப் பறிச்சா பால் வடிஞ்சு கருத்துப்போவும்.
விரக்கடை காம்பு விட்டுத்தான் பறிக்கணும்."

போன ஐப்பசியில் அவரைக் கொண்டுவந்தோம்.
நல்ல மழை.
கூரை மூன்று தடவை மாற்றியது, கல் பழசு.
மிச்சம் நாங்கள் மூவர்:
புழுங்கல், வகாப் சாயபு, நான்.
தகரச் சத்தத்தில் பேச முடியவில்லை.
சட்டைப் பைக்குள் கை போனது.
எத்தனை சட்டை மாறிவிட்டது.

அந்த வெறும் இடத்தில்
சுடுகாட்டு ஆளின் செல் நம்பரை
யாரோ சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்.
இடம் போதாமல்
கடைசி நாலு எண் கீழே இறங்கியிருந்தது.
அழிக்கக் கைக்குட்டையை எடுத்தேன்.
புழுங்கல் தடுத்து என் காதருகே குனிந்தார்:
"இருக்கட்டும்யா, நமக்கு வேண்டியிருக்கும்."
வகாப் சாயபு தனக்கு வேண்டாம் என்று கையாட்டி
மழையைப் பார்த்துச் சிரித்தார்.