பனி என்று எழுதியிருந்தார்கள்

ஓடுபாதையில் பனி இருந்ததாம்.
அதனால்தான் ஆறு பத்து விமானம் ரத்தாம்.
அசாதாரணச் சூழ்நிலை,
எனவே இழப்பீடு இல்லை,
புரிதலுக்கு நன்றி.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு நீல வால் சின்னம்.

எனக்குப் புரியவில்லை.
அந்தப் பனியைத் தள்ளியதே நான்.

ஓவ்லு விமான நிலையம், பிப்ரவரி, மைனஸ் பதினெட்டு.
நான்கு வண்டிகள் சாய்வரிசையில்,
முதல் வண்டி என்னுடையது.
கடைசி ஓட்டம் முடிந்தபோது
விளக்குக்கு விளக்கு கறுப்புத் தார் தெரிந்தது.
பிடிமானம் அளக்கும் கார் போய்வந்து
நல்லது என்றது.
பதிவேட்டில் 4.52 என்று எழுதி
இ. கொக்கோ என்று ஒப்பமிட்டு
கழிவறையில் சட்டை மாற்றி
பயணிகள் பக்கம் போய் நின்றேன்.
தோள்பையில் ஒரு ஜோடி பூட்ஸ், நாற்பத்து நான்காம் அளவு.

எனக்கு முன்னே
ஒரே நிற மேலங்கியில் ஹாக்கிப் பையன்கள்,
பூனைக்கூடையோடு ஒரு பல் மருத்துவர்.
பலகையில் எங்கள் வரி சிவந்தபோது
பூனை மட்டும்தான் சத்தம் போட்டது.
இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை.
ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார்கள்.
கடை திறப்பது ஏழரைக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நான் கூட்டிவிட்ட பாதையில்
வேறொரு நிறுவனத்தின் விமானம் ஏறிப் போயிற்று.
ஒரு சரக்கு விமானம் இறங்கிற்று.
எங்களுடையது அசையாமல் நின்றது,
விமானி அறையில் விளக்கே இல்லாமல்.

ஒன்பது மணிக்கு ஹெல்சிங்கியில்
என் தம்பி தைஸ்தோ சிறையிலிருந்து வெளியே வந்தான்.
ஆகஸ்டில் உள்ளே போனவன்.
நாலரை வருஷம் கழித்து
அதே கான்வாஸ் காலணியைத் திருப்பிக் கொடுத்து
அனுப்பியிருக்கிறார்கள்.
வாசலில் நிற்பேன் என்று சொல்லியிருந்தேன்.
அதனால் பதினொன்றுவரை
அவன்தான் வாசலில் நின்றான்.

படிவத்தில் தூரம் கேட்டார்கள்.
ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அதற்கு இருநூற்றைம்பது யூரோ.
ஹாக்கிப் பையனுக்கும் அதே தொகை,
பல் மருத்துவருக்கும். பூனைக்கு இல்லை.
எதற்காகப் போகிறீர்கள் என்று
கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.
முதலில் ஆத்திரமாக இருந்தது.
பிறகு, நல்லவேளை, என்று பட்டது.

மறுப்புக் கடிதத்தை
என் சமையலறையில் உட்கார்ந்து தைஸ்தோ படித்தான்,
மருந்துச்சீட்டைப் படிப்பவன்போல.
"இது முதல் மறுப்புதானே" என்றான்.
உள்ளே இருந்தபோது ஆறு மனு எழுதியவன்.
தனக்காக எழுதிய நாலும் தோற்றன,
பக்கத்து அறைக்காரனுக்கு எழுதிய இரண்டும் ஜெயித்தன.
"அழாதே. திட்டாதே. மணியைப் போடு."

போட்டேன். மேலாளரிடம் கேட்டு வாங்கிய
பதிவேட்டு நகலையும் வைத்தேன்.
ஏழு மணிக்குள் அதே பாதையில்
எத்தனை விமானம் போயின, வந்தன,
எல்லாம் எழுதினேன்.
'அவற்றின் கண்ணுக்கு மட்டும் பனி தெரியவில்லையா?'
என்று முடித்திருந்தேன்.
அந்த வரியை அடித்துவிட்டான்.
"கிண்டல் பண்ணினால்
பதில் சொல்ல அவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும்."

பதினோரு வாரம்.
பிறகு ஒரு நாள், வங்கிக் கணக்கில் பணம்.
கூடவே ஒன்றரை வரி:
பணியாளர் பற்றாக்குறை என்று தெரியவந்துள்ளது.
பனியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பனியிடம் யார் மன்னிப்புக் கேட்பார்கள்?

தைஸ்தோ திரையை எட்டிப் பார்த்தான்.
"எனக்கும் ரெண்டு மணி நேரத் தாமதம்" என்றான்.
"நான் யாருக்கு எழுத?"
சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
இடது காலில் இரண்டு விரல்
அவனுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது.

அன்று ராத்திரி, ஏப்ரல் கடைசியில்,
வெட்கமில்லாமல் மறுபடி கொட்டியது.
பணிக்குக் கூப்பிட்டார்கள்.
நிறுத்தம்வரை கூடவே வந்தான்,
நாற்பத்து நான்காம் அளவு பூட்ஸில்.
பேருந்து பதினான்கு நிமிடம் தாமதம்.
வீட்டுக்குப் போ, குளிர்கிறது என்றேன்.
நின்றான்.